முதலில் அளவு, பிறகு செலவு

உங்கள் கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. எதிரே, சாக்கு விரித்த தரையில் ஒரு பழைய டீசல் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். பிஸ்டன் ஒருபுறம், ஹெட் ஒருபுறம். வால்வுகள் இரண்டும் ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருப்பவை அனைத்தையும் புதிதாகப் போட அந்தப் பணம் போதாது. எதை மாற்றுவீர்கள்? எதை விட்டுவிடுவீர்கள்?

இது கற்பனைக் கணக்கு அன்று. மதுரையில் செல்லூர் என்றால் எல்லோருக்கும் தறிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். அந்தத் தறித் தெருக்களுக்கு நடுவே லேத் பட்டறைகளும் உண்டு. அப்படி ஒரு பட்டறைக்குத்தான் பத்தாம் வகுப்பு படிக்கும் செல்லூர் மாணவர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். எஞ்சின் அவருடைய சித்தப்பாவுடையது. மதுரைக்கு வடக்கே கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் வெண்டையும் பயிரிடுகிறவர் அவர். விவசாய மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார். அது வரும்வரை இந்த எஞ்சின்தான் கிணற்றுக்கு உயிர். சில மாதங்களாகவே அது காலையில் எளிதில் கிளம்புவதில்லை. கிளம்பினாலும் ஒரே புகை.

பட்டறையில் மூன்று யோசனைகள் இருந்தன. "பெரிய பிஸ்டனாப் போட்ருவோம் மச்சான், தண்ணி பிச்சுக்கிட்டு வரும்" என்றார் சித்தப்பாவின் மைத்துனர். "பிரிச்சது பிரிச்சாச்சுண்ணே, எல்லாத்தையும் மாத்திருங்க. திரும்பப் பிரிச்சா ரெட்டச் செலவு" என்றார் பட்டறைக்காரர். சித்தப்பாவுக்கோ ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மீதிப் பணத்தை உரத்துக்கு வைத்துக்கொள்ள ஆசை. மாணவர் என்னைப் பார்த்தார். "லைனரை அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்டேன். ஒருவரும் அளக்கவில்லை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் குறைவாக உள்ளவன் எஞ்சினுக்குச் செய்யும் முதற்செலவு அளப்பதற்காக இருக்க வேண்டும். அடுத்த செலவு, கெட்டால் பிறவற்றையும் கெடுக்கும் உறுப்புக்கு. அதற்கடுத்தது, காற்றை ஒழுகவிடும் உறுப்புக்கு. சக்தியைக் கூட்டுகிறேன் என்று பளபளப்பாக வந்து நிற்கும் உறுப்புகளின் முறை கடைசியில்தான். பெரும்பாலும் அந்த முறை வரவே வராது. ஏன் என்று பார்ப்போம்.

எஞ்சின் பிறந்த காலத்திலேயே இந்தக் கேள்வியும் பிறந்துவிட்டது. 1712-இல் இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் சுரங்க நீரை இறைப்பதற்கு நீராவி எஞ்சின் ஒன்றை நிறுவினார். அந்த வகை எஞ்சின்கள் நிலக்கரியை மலைமலையாகத் தின்றன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஜான் ஸ்மீட்டன் என்னும் பொறியாளர் அவற்றை ஆராயப் புகுந்தார். புதிதாக எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்கள் எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீர் இறைக்கின்றன என்று கணக்கெடுத்தார். சிறு எஞ்சின் ஒன்றைத் தாமே அமைத்துச் சோதித்தார். உறுப்புகளின் விகிதங்களைத் திருத்தினார். உருளையை முன்னிலும் செம்மையாகக் கடையச் செய்தார். விளைவு? அதே வகை எஞ்சின், அதே நிலக்கரிக்கு, ஏறத்தாழ இரு மடங்கு வேலை செய்தது.

ஜேம்ஸ் வாட்டின் பெயரை அறியாதவர் உங்களில் இருக்க மாட்டீர்கள். நீராவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கும் எண்ணம் அவருக்கு 1765-இல் தோன்றியது. 1769-இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அந்த எண்ணம் உருப்படியான எஞ்சினாக மாறப் பல ஆண்டுகள் பிடித்தன. காரணம் மிக எளியது: அன்றைய உருளைகள் உருளையாக இல்லை! ஓரிடத்தில் அகலம், ஓரிடத்தில் குறுகல். இடுக்கு வழியே நீராவி ஒழுகியது. எதையெதையோ திணித்துப் பார்த்தும் பயனில்லை. பீரங்கிக் குழாய் துளைப்பதில் கைதேர்ந்த ஜான் வில்கின்சன் தம் புதிய துளைபொறியால் 1775-இல் உருளை கடைந்து கொடுத்த பிறகே வாட்டின் எஞ்சின் மூச்சுவிட்டது. 50 அங்குல விட்டமுள்ள உருளையில் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனம்கூடப் பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் வியந்து எழுதினார். மாமேதையின் எண்ணம் ஒரு காசின் கனத்துக்காகக் காத்துக் கிடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் எஞ்சினுக்கு வருவோம். அது 5 குதிரைத் திறன் உள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். நிமிடத்துக்கு 1500 சுற்று. இந்த அளவுள்ள கிர்லோஸ்கர் ஏ.வி.1 எஞ்சினை நம் நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் காணலாம். நீங்களும் ஒருநாள் அதன்முன் குறிப்பேட்டுடன் நிற்கக்கூடும். ஆகவே அதன் எண்களையே எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் உள்விட்டம் 80 மி.மீ. பிஸ்டன் ஒரு தடவை நகரும் தூரம் 110 மி.மீ. அழுத்த விகிதம் 16.5.

வடிவியலில் படித்ததைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். பிஸ்டன் விரட்டும் கன அளவு ஏறத்தாழ 553 க.செ.மீ. அதை 15.5-ஆல் வகுத்தால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடம் கிடைக்கும்: சுமார் 36 க.செ.மீ. அதாவது அரை லிட்டருக்கும் அதிகமான காற்றை, ஒரு டீ கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடைக்கிறோம். அப்படி அடைத்தால் காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறும். டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. இந்தச் சூட்டில்தான் டீசல் தானே பற்றுகிறது. காற்று ஒழுகினால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் டீசல் பற்றாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும்.

சித்தப்பாவின் எஞ்சின் காலையில் மட்டும் அடம்பிடித்ததற்கும் இதுவே விளக்கம். ஓடும்போது நொடிக்கு 25 சுற்று; காற்றை அமுக்க அரைச் சுற்று, அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போதும். ஒழுகுவதற்கு அவகாசமே இல்லை. கையால் சுற்றிக் கிளப்பும்போதோ நொடிக்கு மூன்று நான்கு சுற்றுத்தான். ஒழுகுவதற்கு ஆறேழு மடங்கு நேரம் கிடைக்கிறது. போதாக்குறைக்கு உலோகமெல்லாம் குளிர்ந்து கிடக்கிறது.

புகையின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். காசில்லாத சோதனை அது. வெள்ளைப் புகை, பற்றாத டீசல். கறுப்புப் புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசல் அல்லது சரியாகச் சிதறாத டீசல். நீலப் புகை, மேலே ஏறி எரியும் எஞ்சின் ஆயில். நம் எஞ்சின் கிளம்பும்போது வெள்ளையும் ஓடும்போது நீலமுமாகக் கக்கியது என்றார் மாணவர். ஒழுகலைப் பிஸ்டன் ரிங் அருகே தேட வேண்டும் என்பதற்கு அது நல்ல துப்பு.

பிஸ்டன் ரிங் மலிவான பொருள். பார்க்க ஒரு வெட்டுப்பட்ட வளையல் போல இருக்கும். 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய ரயில் பொறியாளர் இந்தப் பிளந்த உலோக வளையத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதன் அழகு எங்கே இருக்கிறது தெரியுமா? அழுத்தமான வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதையே வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. வாயு எவ்வளவு முரட்டுத்தனமாகத் தப்பிக்கப் பார்க்கிறதோ, அவ்வளவு இறுக்கமாக ரிங் கதவைச் சாத்துகிறது. ஆனால் சுவர் வட்டமாகவும் நேராகவும் இருந்தால்தான் இது நடக்கும்.

சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பிஸ்டன் உச்சியில் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் மிகுதி. அங்கே வாயு அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது; வெப்பமும் அப்படியே. பிஸ்டனோ திரும்புவதற்காக ஒரு கணம் நின்றுவிடுகிறது. நகராத பொருளின் கீழே ஆயில் படலம் தங்குவதில்லை; உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. மேலும், சாய்ந்து நிற்கும் கனெக்டிங் ராடு பிஸ்டனைப் பக்கச் சுவரில் தள்ளுவதால் வட்டம் மெல்ல முட்டை வடிவம் ஆகிறது. எனவே லைனரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இடத்துக்கு இரண்டு திசையில் அளக்க வேண்டும். ஆறு எண்கள். போர் கேஜ் உள்ள பட்டறையில் கால் மணி நேர வேலை.

பட்டறைக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு கேஜை எடுத்துவந்து நிதானமாகவே அளந்தார். மாணவர் தம் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டார். மேலே 80.22, 80.28. நடுவில் 80.14, 80.17. கீழே 80.04, 80.05. எல்லாம் மி.மீ. கணக்கில்.

80.28-க்கும் 80-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஒரு தாளின் கனத்தில் மூன்று பங்குகூட இல்லை. ஆனால் ரிங்கின் வெட்டு வாயை எண்ணிப் பாருங்கள். விட்டம் 0.28 மி.மீ. கூடினால் சுற்றளவு பை மடங்கு கூடும்: 0.88 மி.மீ. புத்தம் புதிய ரிங்கையே போட்டாலும், 0.3 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி லைனரின் உச்சியில் 1.2 மி.மீ. அளவுக்குத் திறந்து நிற்கும். கீழே வந்தால் அரை மி.மீ.க்கும் குறைவு. ஆக, மேலே விரிந்து கீழே சுருங்கி, நொடிக்கு 25 தடவை அந்த ரிங் மூச்சு வாங்க வேண்டும். சில மாதங்களில் அது பள்ளத்துக்குள் தளர்ந்துவிடும். பழைய புகை திரும்பிவரும். கேஜ் இல்லாத ஊரில் இருப்பவர்கள் ரிங்கைத் தனியே லைனருக்குள் நேராகத் தள்ளி, அதன் வாயில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இதனால்தான் சித்தப்பாவின் சிக்கன யோசனையை நான் ஏற்கவில்லை. லைனர் தேயாமல் இருந்திருந்தால் அவர் சொன்னதே சரி. சுவரை ஹோனிங் கல்லால் குறுக்குமறுக்காகக் கீறி, ஆயில் தங்க இடம் செய்து, புது ரிங்கைப் போட்டால் போதும். அதற்குமேல் ஒரு ரூபாய் செலவழிப்பதும் வீண். இந்த ஆறு எண்களைப் பார்த்த பிறகோ, ரிங் மட்டும் வாங்குவது தேய்ந்த செருப்புக்குப் புது வார் போடுவது போன்றது.

பெரிய பிஸ்டன் விஷயம் இன்னும் சுவையானது. ஏனென்றால் உங்களில் பலருக்கும் அதுதான் பிடித்திருக்கும்! 80 மி.மீ.க்குப் பதில் 87.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கிட்டத்தட்ட 20 விழுக்காடு. எரியும் கணத்தில் உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 60 மடங்கு என்று கொண்டால், 80 மி.மீ. பிஸ்டனின் தலையில் விழும் அடி ஏறத்தாழ 3 டன். மூன்று சிறிய கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போல. அதுவும் நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல். பிஸ்டனைப் பெரிதாக்கினால் அது 3.6 டன்னைத் தாண்டும். அந்தக் கூடுதல் அரை டன்னுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்கப்போவது யார்? கனெக்டிங் ராடும், கிராங்க்கும், பேரிங்கும். அவை பழைய அடிக்கென்று வடிவமைத்தவை. போதாததற்குப் பல்லாயிரம் மணி நேரம் ஓடிக் களைத்தவை. மேலும், டீசலைக் கூட்டாமல் பிஸ்டனை மட்டும் பெரிதாக்கினால் கூடுதல் சக்தி எங்கிருந்து வரும்? கிணற்றடியில் நிற்கும் பம்பும் அதே பம்புதான்.

"இதெல்லாம் டீசல் எஞ்சினுக்குச் சரி, எங்கள் அண்ணன் பைக்குக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிஸ்டனை ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்தித் திருப்பி ஓடவிட வேண்டும். அதற்கு வேண்டிய விசை சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. நிமிடத்துக்கு 1500 சுற்றில் நம் டீசல் பிஸ்டன் உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 170 மடங்கு. 57 மி.மீ. போய்வரும் தூரமுள்ள ஒரு பைக் எஞ்சினை 9000 சுற்றில் முறுக்கினால் அது 3000 மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே பந்தய எஞ்சினில் முதலில் உடையக்கூடியவை கனெக்டிங் ராடு, அதன் போல்ட்டு, வால்வு ஸ்பிரிங் போன்றவை. அடித்துருவாக்கிய பிஸ்டன், வலுவூட்டிய ராடு என்றெல்லாம் பந்தயக்காரர்கள் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது. கோரிப்பாளையம் சிக்னலில் நின்று நின்று போகும் பைக்கில் அந்த நியாயம் இல்லை; அங்கே அந்த உறுப்புகளைச் சோதிக்கும் வேகமே வருவதில்லை. சிலிண்டரைப் பெரிதாக்குவதோ சட்டத்துக்கும் புறம்பு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. வேகத்தைக் கூட்டிவிட்டுப் பிரேக்கைப் பழையபடியே விட்டுவிடும் அண்ணன்மார்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

இனி, எல்லாவற்றையும் மாற்றச் சொன்ன பட்டறைக்காரர். அவரைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பிரித்துக் கோப்பதற்கே கூலியும் கேஸ்கட்டும் ஆகின்றன; எஞ்சின் நிற்கும் நாட்களில் பயிர் வாடுகிறது. எனவே விலை குறைவாகவும், அதை எட்டுவதற்கு எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டியதாகவும் உள்ள உறுப்பை, திறந்திருக்கும்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உள்ள பேரிங் தகடுகள் அத்தகையவை. அவற்றுக்கும் கிராங்க்குக்கும் இடையே மி.மீ.யில் நூறில் சில பங்கு கனமுள்ள ஆயில் படலம் ஒன்றுதான் அந்த 3 டன் அடியைத் தாங்குகிறது. இடைவெளி அதிகமானால் ஆயில் ஒழுகிவிடும், தகடு உருகும், கிராங்க் கீறிவிடும். ஒரு சிறு தகடு, எஞ்சினிலேயே விலை கூடிய உறுப்பைக் கொன்றுவிடும். இதைத்தான் முன்பு, கெட்டால் பிறவற்றையும் கெடுக்கும் உறுப்பு என்றேன்.

ஆனால் கிராங்க்கை? மைக்ரோமீட்டரால் அளந்தோம். வட்டம் கெடவில்லை, கீறல் இல்லை. அப்படியிருக்க அதைச் சாணை பிடிப்பது நல்ல பல்லைப் பிடுங்குவது போல. கேம் தண்டும் பல்சக்கரங்களும் அவ்வாறே. அளந்து பார்த்தால் இந்த எஞ்சினில் மாற்ற வேண்டியதைவிட மாற்ற வேண்டாதவை அதிகம். கையில் காசில்லாதவனுக்கு அது நல்ல செய்தி அல்லவா?

வால்வுகளைப் புதிதாக வாங்கவில்லை. பசை தடவி இருக்கையில் வைத்துக் கையால் அரைத்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு சீரான வளையம் விழுந்தது. பிறகு ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தார்கள். சொட்டவில்லை. இதற்கு ஆன செலவு, பட்டறைப் பையனின் அரை நாள் கூலி.

நாசிலை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் மறக்கிற உறுப்பு அது. நம் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 1.1 லிட்டர் டீசல் குடிக்கும் என்று கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் நாசில் 45,000 தடவை டீசலைத் தெளிக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு தெளிப்புக்குக் கிடைப்பது சுமார் 25 கன மி.மீ. ஒரு சொட்டுத் தண்ணீரில் பாதி! அந்தப் பாதிச் சொட்டை வளிமண்டலத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில், பனிப்புகை போலச் சிதறடிக்க வேண்டும். நாசில் தேய்ந்தால் புகைக்குப் பதில் சொட்டு விழும். சொட்டு முழுதாய் எரியாது. கறுப்புப் புகையாய்க் காசு போகும். சோதனைக் கருவியில் பொருத்தி ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஓர் எச்சரிக்கை: நாசில் தெளிக்கும் பக்கம் விரலை நீட்டாதீர்கள். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்வைக்கு ஊசி குத்திய புள்ளிதான் தெரியும்; ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

டீசல் கணக்கை இன்னும் ஓரடி நீட்டுவோம். நாளைக்கு 4 மணி நேரம், ஆண்டுக்கு 100 நாள் இறைப்பு என்றால் 440 லிட்டர். வசதிக்காக லிட்டர் 100 ரூபாய் என வைத்தால் 44,000 ரூபாய். ஒழுகலையும் நாசிலையும் சரிசெய்து பத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினால்கூட ஆண்டுக்கு 4,400 ரூபாய் கைக்கு வருகிறது. பெரிய பிஸ்டன் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இவ்வளவும் பேசிவிட்டு, நான் சித்தப்பாவிடம் கேட்ட கடைசிக் கேள்வி எஞ்சினைப் பற்றியதே அன்று. "கிணற்றில் ஃபுட் வால்வு எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் திகைத்தார்.

எஞ்சினைத் திறக்காமல் வெளியே பார்ப்பது மதுரைக்குப் பழக்கமான வித்தைதான். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. மதுரையின் டி.வி.சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் அடுப்புக்கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கலத்தைச் செய்து வண்டிகளில் பொருத்தியது. கரிவாயுவில் ஓடும் எஞ்சினுக்குச் சக்தி குறைவுதான். ஆனாலும் பஸ் ஊர் போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில், 1970-களின் இறுதியிலும் 1980-களிலும், குஜராத்தில் விவசாயப் பம்புசெட்டுகளை ஆராய்ந்தவர்களும் இதே போன்ற ஒன்றைக் கண்டனர். பல பம்புசெட்டுகளில் ஆற்றல் வீணாவதற்குப் பெரிய காரணம், இறுகலான ஃபுட் வால்வும் குறுகலான இரும்புக் குழாயும். அவற்றை மட்டும் மாற்றினாலே, எஞ்சினையோ மோட்டாரையோ தொடாமல், நல்ல மிச்சம் கிடைத்தது. இயற்பியல் இதற்குத் துணை நிற்கிறது: குறிப்பிட்ட அளவு நீர் ஓடும்போது, குழாயில் உராய்வால் ஏற்படும் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். 65 மி.மீ. குழாயை எடுத்துவிட்டு 80 மி.மீ. போட்டால் அந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடும். எஞ்சினுக்குள் எந்தப் பிஸ்டனை மாற்றினாலும் இப்படி ஒரு பாய்ச்சல் வராது.

முடிவில் நடந்ததைச் சொல்கிறேன். லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் ஒரே கட்டாக வாங்கினார்கள். மலிவாகக் கிடைத்த பெயர் தெரியாத கட்டை வேண்டாமென்று பட்டறைக்காரரே தடுத்தார். பேரிங் தகடுகள் புதிது. நாசில் முனை புதிது. கேஸ்கட், ஆயில், கூலி எல்லாம் போக ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. உரம் வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து சித்தப்பா இன்னும் கொஞ்சம் சேர்த்து ஃபுட் வால்வையும் மாற்றினார். குழாய் அடுத்த வெள்ளாமைக்குப் பிறகு என்றார். மைத்துனருக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை.

மூன்று வாரம் கழித்து மாணவர் நோட்டுடன் வந்தார். டேங்கில் வண்ணப் பூச்சால் கோடு போட்டு, கோடு வரை டீசல் நிரப்பி, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதிவந்திருந்தார். காலையில் இரண்டாவது சுற்றுக்கே கிளம்புகிறதாம். மணிக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு பக்கம் முழுக்கப் பட்டியல். "அதுக்கு முன்னாடி எவ்வளவு குடிச்சுச்சுன்னு எழுதலையே சார்" என்றார். பழைய எஞ்சின் மணிக்கு எவ்வளவு குடித்தது என்பதைச் சித்தப்பாவோ, பட்டறைக்காரரோ, பிரிப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய நானோ, யாரும் குறித்து வைக்கவில்லை.